அம்மை கண்டு போன டோரதி

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ரேனம் ஹால் என்றொரு பழைய மாளிகை. 1619இல் கட்டத் தொடங்கியது. அதன் மாடிப்படியில் முக்காடிட்ட வெள்ளை உருவம் இறங்கி வரும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நேற்றும் ஒருவர் அதைப் பகிர்ந்து, ‘கணவன் அடைத்துவைத்துக் கொன்ற பெண்ணின் ஆவி’ என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்தப் பெண் டோரதி. பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் தங்கை. 1713இல் ரேனம் ஹாலின் சொந்தக்காரரான சார்லஸ் டவுன்ஷெண்டுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு, ஏழு பிள்ளைகள் பெற்றார். 1726இல் பெரியம்மை கண்டு இறந்தார். நாற்பது வயதுகூட நிறையவில்லை.

கதை சொல்கிறவர்களுக்கு அம்மை போதவில்லை. சோரம் போனாள் என்றார்கள். கணவன் அறையில் பூட்டிவைத்தான், பிள்ளைகளைக் கண்ணில் காட்டவில்லை, படியிலிருந்து தள்ளிவிட்டான் என்றெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆட்சியே அண்ணன் கையில் இருந்த காலத்தில் இவ்வளவும் நடந்ததாம்! டோரதியின் ஆவியை அந்த மாளிகையில் பழுப்புப் பட்டுடுத்திய சீமாட்டியாகக் கண்டதாகச் சொல்லப்படும் பேர்போன கதை 1835 கிறிஸ்துமஸ் காலத்தது. டோரதி இறந்து 109 ஆண்டுகள் கழித்து!

அந்தப் படம் 1936 செப்டம்பரில் எடுக்கப்பட்டு, டிசம்பரில் ‘கன்ட்ரி லைஃப்’ இதழில் வந்தது. பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு படியின் விளிம்புக்கு மேலும் இன்னொரு வெளிறிய கோடு ஓடுகிறது. கைப்பிடியின் உச்சியில் விழும் ஒளிப்பொட்டும் இரண்டாகத் தெரிகிறது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்திருக்கிறது என்பதே என் முடிவு.

எங்கள் அம்மாச்சியின் கன்னமெங்கும் அம்மைத் தழும்பு. சிறுவயதில் மடியில் படுத்துக்கொண்டு அந்தக் குழிகளை விரலால் தடவிப் பார்ப்பேன். அதே வாரம் முத்து போட்ட அவருடைய தங்கை பிழைக்கவில்லை. பெயரை மட்டும் சொல்வார், அதற்குமேல் பேசமாட்டார். அந்தத் தங்கையைப் பற்றி ஊரில் யாரும் கள்ள உறவுக் கதை கட்டவில்லை. டோரதிக்கு அந்த மரியாதைகூட வாய்க்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

பெரியம்மைக்கு அன்றே ஒரு தடுப்பு இருந்தது. துருக்கியில் கண்ட அம்மைப்பால் குத்தும் முறையை மேரி வோர்ட்லி மான்டேகு என்ற சீமாட்டி லண்டனுக்குக் கொண்டுவந்து, 1721இல் தன் மகளுக்கே குத்திக்காட்டினார். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் ஆகியும், பிரதமரின் தங்கையையே அம்மை கொண்டுபோனது. ரேனம் ஹாலில் நடுங்கவேண்டிய செய்தி எனக்கு இதுதான்.

அந்தப் படத்தை இனிப் பகிர்கிறவர்கள் கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: டோரதி டவுன்ஷெண்ட், ஏழு பிள்ளைகளின் தாய், பெரியம்மையில் இறந்தவர்.