பகலில் ஃபிளாஷ் எதற்கு என்று கேட்டவருக்கு

"ஃபிளாஷ் இருட்டுக்குத்தான். முகம் கறுத்தால் எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள், போதும்" என்று கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மாலையில் எடுத்த படத்துக்குக் கீழே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, கூட்டினால் முகம் தெளியும், ஆனால் வானமும் தண்ணீரும் வெளுத்துப்போகும். அணையே தெரியாத படத்துக்கு அணை வரை போவானேன்?

ஃபிளாஷ் பக்கத்தில் இருப்பதை மட்டுமே தொடும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11 என்றால், கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண், மீட்டர் கணக்கில்) 40 உள்ள ஃபிளாஷ் முழு பலத்தில் எட்டுவதே சுமார் 3.6 மீட்டர்தான். அதனால் முதலில் பின்னணிக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், அப்புறம் முகத்துக்கு ஃபிளாஷ். ஃபிளாஷ் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை மைனஸ் 1 அல்லது மைனஸ் 1.5-இல் வைத்தால் ஃபிளாஷ் அடித்ததே தெரியாது. பூஜ்யத்தில் விட்டால் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும். ஷட்டர் வேகம் 1/200 நொடி வரைதான், சில கேமராக்களில் 1/250. அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும், வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கவிடும் ஹைஸ்பீட் சிங்க் வசதி இருந்தால் தவிர. அதிலும் பலம் குறையும்.

ரா (RAW) ஃபைலாக எடுத்து, பிறகு எடிட்டிங்கில் நிழலை வெளிச்சமாக்கலாம் என்பதை மறுக்கவில்லை. கொஞ்சம் வரை சரி, அதற்கு மேல் முகத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்.

ஒகேனக்கல் சாரலில் மட்டும் நானும் ஃபிளாஷைத் தொடமாட்டேன். ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாக விழும். அங்கே முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை போதும்.