சேன் நதிக்கரையின் பச்சைப் பெட்டிகள்

பாரிஸில் அவசரமில்லாமல் ஒரு நாளைக் கழிப்பது பற்றிய கட்டுரை அருமை. கடைவீதிகளையும் சேன் நதிப் படகுச் சவாரியையும் விரிவாக எழுதியவர், கரையோரப் பழைய புத்தகக் கடைகளை ஒரே வரியில் கடந்துவிட்டாரே என்பதுதான் என் ஆதங்கம். கற்சுவரின் மேல் வரிசையாகப் பொருத்தியிருக்கும் அந்தக் கரும்பச்சைப் பெட்டிகள்தாம் எனக்குப் பாரிஸ். மூடியைத் தூக்கி நிறுத்தினால் கடை. மாலையில் இறக்கிப் பூட்டினால் வெறும் பெட்டி. ஒருவருக்கு நான்கு பெட்டிகள். அவற்றில் ஒன்றில் மட்டுமே நினைவுப் பொருள்கள் விற்கலாம் என்பது மாநகராட்சி விதி. 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக இவற்றில் பலவற்றைக் கழற்றப் போவதாகச் செய்தி வந்தபோது மனம் பதைத்தது. நல்லவேளை, அந்த ஆண்டு பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நான் போன அன்று லேசான தூறல். கண்ணாடித் தாள் உறைக்குள் இருந்த பழைய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெரியவர் வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. நனையாமல் மூடிக்குக் கீழே ஒதுங்கி நிற்கும்படி கையசைத்தார். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

போகிறவர்கள் துர்னெல் கரையில் தொடங்கி வோல்தேர் கரை வரை நடந்தே போங்கள். விடிந்ததும் கிளம்ப வேண்டாம். பல பெட்டிகள் 11 மணிக்கு மேல்தான் திறக்கும்.