மிச்சம் அங்கேயே நிற்கிறது

ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பதாக நினைக்கிறோம், உண்மையில் மூளை தாவிக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரி. மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: முடிக்காத வேலையை விட்டு அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடும்.

நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் ஜிஎஸ்டி கணக்கின் நடுவே, மகளின் டியூஷன் பற்றி வீட்டிலிருந்து வாட்ஸ்அப். பதில் போட்டுவிட்டுத் திரும்பி, 6,570 வெள்ளியை (டாலரை) 5,670 என்று அடித்திருக்கிறேன்! பதில் போட அரை நிமிடம், பிழையைத் தேட முக்கால் மணி நேரம். அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

இப்போதெல்லாம் காலை பதினொன்று வரை கைப்பேசி மேசை டிராயருக்குள். வீட்டில் பழகிக்கொண்டார்கள். மேலாளர்தான் செய்தி அனுப்பிய கையோடு, "பார்த்தீங்களா?" என்று மேசைக்கே வந்து நிற்கிறார்.