15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஹாலில் யாரும் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாது. என் மகள், எதிர் வீட்டுப் பெண், மாடி வீட்டுப் பையன்கள் இருவர், லீவுக்கு வந்திருக்கும் யாராவது ஒரு சித்தி பிள்ளை என்று ஒரு கூட்டம், நடுவில் ஒரு பழைய மடிக்கணினி. ரெண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. "அந்த ஆன்ட்டி கோடிங் கிளாஸ் எடுக்குறாங்க" என்று தெருவில் பேச்சாகி, போன மாதம் ஒருவர் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டு வாசலில் நின்றார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நான் டீச்சர் இல்லை. ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். கோடிங் எனக்கே அரைகுறை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை செய்வது கணக்கு, அவ்வளவுதான்.

இதைச் சொன்னவுடன் "ஓ, அந்த ஆப் மாதிரியா?" என்பார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். சொந்தத்தில் ஒரு குழந்தை, ஒன்றாம் வகுப்பு. ஏதோ ஒரு ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டியிருந்தார்கள். 7+5 எவ்வளவு என்று கேட்டு நாலு பலூன் மிதந்து வரும், சரியானதைத் தொட்டால் காசு கொட்டும், தப்பானதைத் தொட்டால் திரும்பவும் தொடலாம். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழந்தை கேள்வியைப் படிக்கவே இல்லை. நாலு பலூனையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறது, காசு ஏறிக்கொண்டே இருக்கிறது. கெட்டிக்காரக் குழந்தை, அந்த ஆட்டத்தின் நிஜமான விதியைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் அம்மாவோ "பாருங்க, ஒரு வாரத்துல எவ்வளவு காயின்ஸ்!" என்கிறார். நான் என்ன சொல்ல, காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதில் நடப்பது கம்ப்யூட்டர் கேட்பதும் பிள்ளை பதில் சொல்வதும்தான். அந்தக் காலத்து வாத்தியார் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கிவிட்டு பலூனைக் கொடுத்திருக்கிறார்கள். வாய்ப்பாடு மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை, என் மகளைப் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்க வைத்தவள்தான் நான், அது கைக்குள் இருந்தால் ஆயுசுக்கும் உதவும். ஆனால் வாய்ப்பாடு ஒப்பிக்க மின்சாரம் எதற்கு? சின்னப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும். கம்ப்யூட்டரைத் தொடுகிறோம் என்றால் கம்ப்யூட்டரால் மட்டும் முடிகிற ஒன்றுக்காகத் தொட வேண்டும், அதாவது பிள்ளை சொல்ல வேண்டும், அது செய்ய வேண்டும். சொன்னதை, சொன்னபடி, ஒரு இம்மி கூடக் குறையாமல்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. 1967-லேயே அமெரிக்காவில் சேமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்காக லோகோ என்று ஒரு கணினி மொழி செய்தார்கள். பிறகு அதில் ஒரு ஆமை வந்து சேர்ந்தது. 100 அடி முன்னால் போ, 90 டிகிரி வலப்பக்கம் திரும்பு என்றால் ஆமை கோடு இழுத்துக்கொண்டே போகும். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதக்காரர், ஜெனீவாவில் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதையே ஆராய்ந்த பியாஜேயிடம் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் பிள்ளையை ஆட்டுவிக்கக் கூடாது, பிள்ளைதான் கம்ப்யூட்டரை ஆட்டுவிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவரோடு வேலை செய்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து 2007-ல் பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்ச் என்ற கணினி மொழியை வெளியிட்டது. ஆமை இருந்த இடத்தில் பூனை. பிளாக் என்ற கட்டளைத் துண்டுகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் பூனை அதன்படி செய்யும். காசு கிடையாது, சந்தா கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். நாங்கள் வைத்திருப்பது இதைத்தான்.

சரி, கணக்கு எங்கே வருகிறது?

முதல் வாரமே வந்துவிட்டது. மாடி வீட்டுப் பெரியவனிடம் (ஆறாம் வகுப்பு) பூனையை வைத்து ஒரு முக்கோணம் வரையச் சொன்னேன். சமபக்க முக்கோணத்துக்கு ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி என்று பள்ளியில் படித்திருக்கிறான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். 100 அடி நட, 60 டிகிரி திரும்பு, இதை மூன்று தடவை செய். ஓட்டினால் முக்கோணம் வரவில்லை, மூடாத கிண்ணம் மாதிரி ஒன்று வந்தது. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுது ஆன்ட்டி" என்றான். தம்பி எட்டிப் பார்த்து, மூன்றை ஆறாக மாற்றினான். தேன்கூட்டு அறை மாதிரி அழகாக ஒரு அறுகோணம் வந்து உட்கார்ந்தது. முக்கோணம் கேட்டால் அறுகோணம் தருகிறதே, இது என்ன வம்பு?

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையிலேயே எனக்குக் கஷ்டமானது இதுதான், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. கடைசியில் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், கொடிக்கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து படிக்கட்டு, திரும்பக் கொடிக்கம்பம் என்று நடக்கச் சொன்னேன். தொட்டியருகே போய் உடம்பைத் திருப்பும்போது நின்றுவிட்டான். "ஆன்ட்டி, நான் ரொம்பத் திரும்புறேன். 60 இல்ல, அதுக்கு மேல." முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிற கோணம் வேறு, நடப்பவன் திரும்புகிற கோணம் வேறு. 180-ல் 60 போனால் 120. ஓடிவந்து மாற்றினான், முக்கோணம் மூடியது. இதையே பாடப்புத்தகம் வெளிக்கோணம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது, நானும் அந்த வயதில் அந்த வரியை மனப்பாடம் செய்தவள்தான், முப்பது வருஷம் கழித்து என் வீட்டு மொட்டை மாடியில்தான் எனக்கே அது புரிந்தது.

அப்புறம் அவர்களை நிறுத்த முடியவில்லை. சதுரத்துக்கு 90, ஐங்கோணத்துக்கு 72, பக்கங்களின் எண்ணிக்கையால் எதைப் பெருக்கினாலும் 360 வருகிறது. ஏழு பக்கம்? 360-ஐ 7 சரியாக வகுக்காது. 51 போட்டால் வாய் மூடவில்லை, 52 போட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறது. மீதியை என்ன செய்வது என்ற கேள்வி தசமப் பாடத்தில் எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு அவசரமாக வந்து நான் பார்த்ததில்லை. சின்னவன் சும்மா 144 போட்டு ஐந்து முனை நட்சத்திரம் வரவைத்துவிட்டு, ஏன் வந்தது என்று தெரியாமலே ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தான். ஐந்து 144 என்பது 720, அதாவது பூனை ரெண்டு முழுச் சுற்று சுற்றுகிறது என்று அண்ணன் கண்டுபிடித்ததும் வீட்டில் சண்டையே வந்ததாம்.

மைனஸ் எண்களும் அப்படித்தான். ஸ்க்ராட்சில் திரையின் நடுப்புள்ளி பூஜ்யம், வலப்பக்கம் 240 வரை, இடப்பக்கம் மைனஸ் 240 வரை, மேலே 180, கீழே மைனஸ் 180. மைனஸ் என்பது நிஜமாகவே ஒரு இடம், பூனை போய் நிற்கலாம். என் மகள் பூனையை இடப்பக்கம் பார்க்கத் திருப்பினாள், அது தலைகீழாகத் தொங்கியது (முதலில் எல்லோருக்கும் தொங்கும், சரிசெய்ய ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பூனைதான் பிடித்திருக்கிறது). அப்படியே மைனஸ் 10 அடி நட என்று போட்டாள். பூனை வலப்பக்கம் போனது. இடம் பார்த்து நின்று பின்னால் நடந்தால் வலம் போகத்தானே செய்யும். "மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்" என்று நான் தலையாட்டிப் படித்ததை அவள் தலைகீழ்ப் பூனையிடம் படித்தாள்.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயசுப் பிள்ளை ஆப் செய்து கோடி சம்பாதிக்கும் என்று விளம்பரம் போட்டுப் பயமுறுத்துகிற வகுப்புகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றில் ஒரு இலவச டெமோவுக்கு நானும் மகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் சொன்ன இடத்தில் சொன்ன பிளாக்கை இழுத்து வைத்தால் ஒரு ஆட்டம் தயார், கடைசியில் சர்டிபிகேட். தப்பு நடக்கவே வாய்ப்பில்லாமல் செய்திருந்தார்கள். தப்பே நடக்காவிட்டால் பிள்ளை எதைப் பற்றி யோசிக்கும்? அந்த மூடாத கிண்ணம் வரவில்லை என்றால் மொட்டை மாடிக்கு எதற்குப் போகிறோம்?

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா என்று ஒரு டீச்சர் தோழி கேட்டாள். கஷ்டம்தான். நாலு பேருக்கே என் தொண்டை கட்டிவிடுகிறது. ஸ்கிரீன் டைம் என்று ஒருவர் கேட்டார், அவர் பிள்ளை கையில் அப்போது போன் இருந்தது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எனக்குப் பிடித்த கதை. மார்கழி. எதிர் வீட்டுப் பெண்ணின் பாட்டி தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவர். "15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி" என்று அவர் நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, இதைப் பூனையை வைத்துப் போடலாமா என்று கேட்டாள். போடலாமே. நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, அப்புறம் 13, இப்படியே 8 வரை. புள்ளிக்குப் புள்ளி 24 இடைவெளி. புள்ளிவரிசை என்று தமிழிலேயே பெயர் வைத்து ஒரு பிளாக் செய்தாள். ஓட்டினால் எல்லா வரிசையும் ஒரே இடத்தில் தொடங்கி, இடப்பக்கம் சுவர் மாதிரி நேராகவும் வலப்பக்கம் மட்டும் சரிந்தும் நிற்கிறது.

அழைக்க வந்த பாட்டி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டி, ரெண்டு புள்ளிக்கு நடுவுல வச்சாத்தான் ஊடுபுள்ளி. இப்படி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா அது நேர்ப்புள்ளியில்ல?"

நடுவில் என்றால் எவ்வளவு? 24-ல் பாதி, 12. 15 புள்ளி வரிசை மைனஸ் 168-ல் தொடங்கினால், 14 புள்ளி வரிசை மைனஸ் 156-ல் தொடங்க வேண்டும். புள்ளி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து மைனஸ் 12-ஆல் பெருக்கு. ஐந்தாம் வகுப்புப் பெண் இதைத் தானே எழுதினாள், பாட்டி நின்றுகொண்டே இருந்தார். கோலம் நிமிர்ந்து உட்கார்ந்தது. (கோலத்தையும் கணினியையும் சேர்த்துப் பார்த்ததில் நாங்கள் முதல் ஆள் இல்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து 1974-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், கிஃப்ட் சிரோமணி தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.)

புள்ளிகளை எண்ண ஒரு எண்ணியும் வைத்திருந்தாள். 169 என்று காட்டியது. மாடி வீட்டுப் பெரியவன் அப்போதுதான் வர்க்க எண்கள் படித்துக்கொண்டிருந்தான், "அது 13 இன்டு 13!" என்று கத்தினான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எல்லா ஊடுபுள்ளிக் கோலமும் இப்படியா? 7 புள்ளி 4 வரை, 37. இல்லை. 9-க்கு 61, 11-க்கு 91, 13-க்கு 127, இல்லை இல்லை இல்லை. அதற்கு மேல் 17-க்கு 217, அதுவும் இல்லை. பாட்டி நோட்டில் உள்ள கோலங்களில் 15 புள்ளிக்கு மட்டும் இந்த யோகம். அடுத்தது எப்போது வரும்? கையால் பார்த்தால் முடியாது, வர்க்கமூலம் எடுத்து முழு எண்ணாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லி, அதையே திரும்பத் திரும்பச் செய்கிற லூப் போட்டு ஓடவிட்டார்கள். ஓடி ஓடி 209-ல் நின்றது. 209 புள்ளி, 105 வரை ஊடுபுள்ளி. மொத்தம் 32761 புள்ளி, 181 இன்டு 181. நாலு பிள்ளைகளும் எழுந்து குதித்தார்கள், கீழே கடைக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார்.

எதிர் வீட்டுப் பெண் பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். சாணிக்கு ஒரு மாடு வைத்தாலும் அவ்வளவு வாசல் தெளிக்க முடியாதே என்றார். பிறகு திரையில் இருந்த 15 புள்ளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"புள்ளி எல்லாம் சரி. கோலம் எங்கடி?"

அதுதான் இப்போது பிரச்சினை. புள்ளியைச் சுற்றிக் கையெடுக்காமல் வளைத்து வருகிற சிக்குக் கோலத்தைப் பூனைக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாக நானும் அந்தப் பெண்ணும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டியை நிற்கவைத்து, எந்த இடத்தில் எந்தப் பக்கம் கை திரும்புகிறது என்று ஒருத்தி சொல்லச் சொல்ல இன்னொருத்தி எழுதுகிறாள். பாட்டிக்குப் பொறுமை போய்விடுகிறது, கை தானாகப் போகிறது, நான் எங்கே யோசிக்கிறேன் என்கிறார். ஃபீஸ் கேட்டு வந்தவரிடம் இந்த ஞாயிறு பிள்ளையைக் கூட்டிவாருங்கள், வரும்போது கோலம் போடத் தெரிந்த யாராவது இருந்தால் அவரையும் என்று சொல்லியிருக்கிறேன்.