கேட்ச்-22ஐக் காதால் கேட்கும் வன்னி ஆக்களுக்கு

ஜோசப் ஹெல்லரின் கேட்ச்-22, இரண்டாம் உலகப்போரில் குண்டுபோடப் பறக்கும் அமெரிக்க விமானப்படை ஆக்களைப் பற்றிய நக்கல் நாவல். அதன் ஒலிநூலைக் கேட்டவர்களிடம் எப்படி இருந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது, கதை நகரேல்லை." மற்றது, "பகிடிக்கதை எண்டுதானே சொன்னீங்கள், பாதியில சிரிப்பு நிண்டுபோச்சு." முதலாவதுக்குக் கைமருந்து இருக்கிறது. இரண்டாவதைப் பற்றித்தான் நிறையக் கதைக்கவேண்டும்.

நாவலில் 42 அத்தியாயங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஆளின் பெயர்தான் தலைப்பு. சம்பவங்கள் நடந்த ஒழுங்கில் வராது. புத்தகம் கையில் இருந்தால் பின்னுக்குப் புரட்டிப் பார்க்கலாம், காதுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் போன் தானாகப் பின்னுக்குப் போய்விட்டதோ என்று பலர் குழம்புகிறார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு உண்டு. ஒரு ஆள் வீடு திரும்புவதற்கு எத்தனை தரம் குண்டுபோடப் பறந்திருக்கவேண்டும் என்ற கணக்கை அவர்களின் மேலதிகாரி கேணல் கேத்கார்ட் கூட்டிக்கொண்டே போவார். அந்த எண் காதில் விழும்போதெல்லாம், அத்தியாயத்தின் பெயரோடு ஒரு கொப்பித்தாளில் குறித்து வையுங்கள். எண் குறைவென்றால் அது முந்தி நடந்தது. பத்து அத்தியாயம் தாண்டுவதற்குள் காலம் பிடிபட்டுவிடும்.

வேகத்தை ஒன்றரை மடங்காக்கிக் கேட்கவேண்டாம். இந்த நாவலின் நக்கல் முழுக்க இரண்டு பேர் ஒரே சொல்லை மாறி மாறி எறிகிற பேச்சில் இருக்கிறது. வேகம் கூடினால் எது யாருடைய வாய் என்று தெரியாமல் போகும். படுக்கையில் கேட்பவர்கள், நிமிடக் கணக்கில் நிற்கும்படி போடாமல் அத்தியாய முடிவில் நிற்கும்படி போடுங்கள். வேறு கதையென்றால் நித்திரையான இடத்தைத் தேடிப் பிடிக்கலாம். இதில் ஏற்கனவே கேட்டதா கேளாததா என்றே தெரியாது.

இனி அந்தச் சிரிப்பு. "இதெல்லாம் எங்கட சனத்துக்கு விளங்காது" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 90களில் பொருளாதாரத் தடையால் பற்றறி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் இது. சுற்றுகிற கை தளர்ந்தால் குரலும் தாழ்ந்துபோகும். ஒரு சொல் தவறாமல் கேட்கப் பழகினது அப்படித்தான். பைத்தியமென்றால் பறக்கத் தேவையில்லை, ஆனால் பறக்கமாட்டேன் என்று கேட்டாலே பைத்தியமில்லை என்றாகிவிடும் என்ற கேட்ச்-22 விதியை, பயண அனுமதிப் பாஸ் எடுக்க அலைந்த ஆக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் தரத்திலேயே சிரிப்பார்கள்.

சிரிப்பு நிற்கிற இடம் வேறு. ஹெல்லர் இரண்டாம் உலகப்போரில் பி-25 விமானத்தில் குண்டு போடுகிறவராக 60 தரம் பறந்தவர். 1961இல் வந்த இந்த நாவல் மேலேயிருந்து பார்த்தவரின் கதை. வன்னியில் நாங்கள் கீழேயிருந்து பார்த்தோம். 29ஆம் அத்தியாயத்தில், பாதையை மறிப்பதற்காக ஒரு மலைக்கிராமத்தைக் குண்டுபோட்டுச் சரிக்கச் சொல்லுகிறார்கள். சனத்துக்கு முன்னறிவித்தல் இல்லை. அதிகாரிகளின் அக்கறை, குண்டுகள் நெருக்கமாக விழுந்து விமானப் படம் வடிவாக வரவேண்டும் என்பதில். அதற்கென்று அவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்கு அர்த்தமே இல்லை என்று அதை உண்டாக்கிய தளபதியே ஒப்புக்கொள்கிறார். வேறு ஊர்க்காரருக்கு இது நாவலின் கூர்மையான நக்கல். கிபிர் குண்டுவீச்சு விமானம் இரைந்தபோது பங்கருக்குள் குனிந்திருந்தவருக்கு அந்தக் கிராமம் சொந்தக் கிராமம். 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லையும், அதற்குள் விழுந்த ஷெல்லையும் தெரிந்தவர் அந்த இடத்தில் இயர்போனைக் கழற்றினால், கதை அவரிடம் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ரசனை இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டாம்.

ஆகவே வீட்டில் ஸ்பீக்கரில் போடுகிறவர்கள் 29ஐயும் 41ஐயும் தனியாகக் கேளுங்கள். அம்மம்மா குசினியில் நிற்கும்போது வேண்டாம்.

வாசிக்கிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. வாசிகசாலையிலோ வாசகர் வட்டத்திலோ இப்படியான நாவலின் பகுதிகளைத் தமிழில் வாசிக்கும் ஆசை சிலருக்கு உண்டு, நல்ல ஆசை. இந்த நாவலுக்கு உரிமை இன்னும் இருக்கிறது, முழுதாக வாசித்துப் பதிவேற்ற அனுமதி வேண்டும். எதை வாசித்தாலும் பகிடியைப் பகிடிக்குரலில் வாசிக்காதீர்கள். மடத்தனமான கட்டளையை, விதானையார் அறிவித்தல் வாசிப்பதுபோல நேராக வாசியுங்கள், கேட்கிறவர் தானாகச் சிரிப்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு தொண்டை மாற்றினால் மூன்றாம் அத்தியாயத்தில் நீங்களும் களைத்து, கேட்கிறவரும் களைப்பார். விமான இரைச்சல், வெடிச்சத்தம் எதையும் பின்னணியில் சேர்க்கவே வேண்டாம். மற்ற இடத்தில் அது அலங்காரம், இங்கே நெஞ்சு பதறும். பதிவு செய்யும்போது தகரக் கூரைக்குக் கீழே இருக்காதீர்கள், வெயிலேற வெடுக் வெடுக்கென்று நெளியும். ஓட்டுவீட்டு அறையில், பின்னால் மெத்தையைச் சாத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுச் சரித்து வைத்தால் போதும்.

41ஆம் அத்தியாயம், விமானத்தில் காயப்பட்டுச் சாகும் பெடியன் ஸ்னோடனுடையது. தொடக்கத்திலிருந்து துண்டு துண்டாக வந்த சாவு அங்கேதான் முழுதாக வருகிறது. கதாநாயகன் யொசாரியன் அவனுடைய தொடைக்காயத்தைக் கவனமாகக் கட்டிக்கொண்டிருப்பான், உண்மையான காயம் கவசத்துக்கு உள்ளே இருக்கும். "திருப்பித் திருப்பிச் சொல்லுது" என்று அலுத்தவர்கள் இந்த இடத்துக்கு வந்தபிறகு அந்தக் குறையைச் சொல்வதில்லை. குளிருது என்று பெடியன் சொல்லச் சொல்ல, யொசாரியனுக்கு ஒரு சின்ன ஆறுதல் சொல்லைத் தவிர வேறொன்றும் வாயில் வராது. அதைத் தமிழில் வாசிக்கிறவர் "சரி, சரி" என்று போட்டால் பிழை, அது அலுப்பில் சொல்வது. எங்கட பக்கத்தில் காயப்பட்ட பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு சொல்லுகிற சொல் ஒன்று இருக்கிறது. "ஒண்டுமில்லையடா, ஒண்டுமில்லை." அதையே போடுங்கள், குரலை உயர்த்தாமல்.