தவணை கட்டியதும் கூட்டம் முடியக்கூடாது
மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றி வந்த கட்டுரை சேமிப்பு, கடன், வசூல் என்பதோடு நின்றுவிட்டது வருத்தமாக இருக்கிறது. 1989ல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள் இன்று ஊர் ஊராக இருக்கின்றன. கடன் மட்டும்தானா அவற்றின் வேலை?

நான் இருப்பது அம்பத்தூர், அம்மா ஊர் ஊத்துக்கோட்டை பக்கம். அங்கே குழுக் கூட்டத்தில் தவணைப் பணத்தை எண்ணி, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கியதும் பிரஷர் பார்க்கிறார்கள். பட்டையைச் சுற்ற ஒரு அக்கா ரவிக்கைக் கையை மேலே ஏற்றியபோதுதான் வீட்டில் அடிவாங்கிக் கன்றிப்போன காயம் தெரிந்தது. அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவர். தனியாகப் போயிருந்தால் காவல் நிலையத்தில் சமாதானம் பேசி அனுப்பியிருப்பார்கள். குழுவே கூடப் போனது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்தது.

அப்புறம், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி அதற்கென அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடமே நேராக மனு கொடுக்கலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவியை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். கடன் விண்ணப்பம் நிரப்பக் கற்றுத்தரும் அதே பயிற்சியில் இதையும் சொல்லித்தர என்ன தடை? சென்னையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள், எத்தனை பெண்களுக்கு இரத்தசோகை பரிசோதனை நடந்தது என்றும் குழுக்களிடம் கேட்கட்டும்.