விறாந்தையில் படுத்திருக்கிற தகப்பன்மாருக்கு

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கலியாணம் முடித்தால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறார். பிள்ளை பிறந்ததும் அறைக்குள் மாமியார், பெரியம்மா, மச்சாள் என்று பெண்கள் நிறைந்துவிடுவார்கள். தகப்பனுடைய பாய் விறாந்தைக்கு வந்துவிடும். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று இதில் வித்தியாசமில்லை. "பால் குடுக்கிறது அவதானே, நான் என்ன செய்யிற?" என்று தகப்பன்மார் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இதுதான்: "ராவைக்கு ஒரு போத்தல் பால்மா கரைச்சுக் குடு, அவ நித்திரை கொள்ளட்டும்."

வைத்தியர் சொல்லியிருந்தால் அது வேறு. மற்றப்படி இந்த யோசனையை நான் முழுதாக எதிர்க்கிறேன். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும், தேங்கிக் கிடந்தால் சுரப்பு குறையும். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். புதுப் பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும், அதில் இரவுத் தடவைகளைப் போத்தலுக்குக் கொடுத்துவிட்டால் கொஞ்ச நாளில் பால் உண்மையாகவே குறைந்துவிடும். பிறகு "அவவுக்குப் பால் காணாது" என்று வீடு முழுக்கக் கதைப்பார்கள். போத்தலை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள்.

முதல் 4 முதல் 6 கிழமைக்குத் தகப்பன் பால் கொடுக்கத் தேவையில்லை. மார்பைச் சுற்றியிருக்கிற மற்ற எல்லா வேலையையும் எடுங்கள். பிள்ளை கையை வாய்க்குள் வைக்கும், தலையை அங்கும் இங்கும் திருப்பும், வாயைத் திறந்து தேடும். பசியின் தொடக்கம் அதுதான், அழுகை கடைசியில்தான் வரும். அழ முதல் நீங்கள் தூக்கித் தாயிடம் கொடுங்கள். ஒரு பக்கம் குடித்து முடிந்ததும் வாங்கித் துணி மாற்றுங்கள். அதில் பிள்ளை முழித்துக்கொள்ளும், மற்றப் பக்கத்தையும் நன்றாகக் குடிக்கும். முடிந்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் எடுக்க வைத்து, மல்லாக்காகப் படுக்க வையுங்கள். நெஞ்சில் பிள்ளையைப் போட்டபடி கதிரையில் தூங்கிவிடாதீர்கள், அது ஆபத்து. இவ்வளவும் தாயே செய்தால் ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலம் போகும். நீங்கள் செய்தால் அவ பாலைக் கொடுத்துவிட்டு உடனே படுக்கலாம்.

5ஆம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 6 தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகவேண்டும். அந்தக் கணக்கையும் தகப்பன் வைத்திருக்கலாம். பெம்பஸ் போட்டால் எண்ணுவது கஷ்டம், முதல் கிழமைகளில் துணியே நல்லது. பிறந்த நிறையை 2 கிழமைக்குள் பிள்ளை திரும்பப் பிடிக்கவேண்டும்.

கடலுக்குப் போகிறவர் விடிய 3 மணிக்குத் தோணி தள்ளவேண்டும், அறுவடைக் காலத்தில் வயலில் நிற்கிறவரும் இரவு முழிக்க முடியாது. அவர்கள் மாலையை எடுத்துக்கொள்ளலாம். 8 மணிக்குத் தாய் பால் கொடுத்துவிட்டுப் படுக்கட்டும், பிள்ளை அடுத்து பசிக்கிற வரைக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். இடையில் முழிக்காமல் வருகிற இரண்டு மூன்று மணித்தியால நித்திரை ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை பெற்ற எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பால் நன்றாகப் பிடித்த பிறகு, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை நாளுக்கு ஒரு தடவை தகப்பன் கொடுக்கலாம். பம்ப் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, கை போதும். தாய் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெருவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் காம்பிலிருந்து 3 சென்ரிமீற்றர் அளவுக்குப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அமத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விடவேண்டும். தோலில் விரலை வழுக்கவிட்டால் நோகும், பாலும் வராது. காம்பை இழுப்பதும் பயனில்லை. காலையில் முதல் தடவை கொடுத்து ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தால் கூட வரும். முதல் நாட்களில் ஒரு தேக்கரண்டி வந்தாலே சரி. பீய்ச்சி வருகிற அளவு மார்பில் இருக்கிற பாலின் அளவு அல்ல, பிள்ளை கையை விட நன்றாக உறிஞ்சி எடுக்கும்.

எவ்வளவு வேண்டும்? 1 முதல் 6 மாதம் வரை ஒரு நாளுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர். 8 முதல் 10 தடவைக்குப் பிரித்தால் ஒரு தடவைக்கு 75 முதல் 95 வரும். பால்மா தகரத்தில் வயதோடு அளவு ஏறுவதைப் பார்த்துவிட்டு 180 தேடி மனம் உடையவேண்டாம்.

எங்கள் ஊர் வெயில் வேறு. அறையில் 4 மணித்தியாலம் வைக்கலாம் என்று படிப்பீர்கள், அது 25 பாகை அறைக்குச் சொன்ன கணக்கு. சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரை வீட்டுக்குள் அந்தக் கணக்கு எடுபடாது. எடுத்த உடனே பிரிஜ்ஜின் உள்பக்கத்தில், கதவில் அல்ல, வையுங்கள். 4 நாள் தாங்கும், மூடியில் நாளும் நேரமும் எழுதுங்கள். சூடான புதுப் பாலைக் குளிர்ந்த பாலோடு சேர்க்கக்கூடாது, குளிர வைத்துத்தான் சேர்க்கவேண்டும். மேலே ஆடை பிரிந்து நிற்பது பழுதல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்குங்கள், அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம். குடித்து மிஞ்சியதை 2 மணித்தியாலத்துக்குள் முடிக்காவிட்டால் ஊற்றிவிடுங்கள்.

போத்தலை விடச் சின்ன எவர்சில்வர் கப்பே நல்லது. சூப்பிக்குள் பால் படிந்தால் கழுவுவது கஷ்டம், வேகமாக வருகிற பாலுக்குப் பழகின பிள்ளை மார்பில் பொறுமை இழந்து தலையைத் திருப்பும். கப்பைக் கழுவி 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, அதன் கையைத் துணியால் சுற்றி, கப்பின் விளிம்பை மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் இடையில் பால் தொடுகிற அளவுக்குச் சாயுங்கள். வாய்க்குள் ஊற்றக்கூடாது, புரையேறும். பிள்ளையே நாக்கால் நக்கி எடுக்கும். கொஞ்சம் தாடையில் வழியும், அதைப் பார்த்து அவசரப்படவேண்டாம்.

பெரிய பிழை நடக்கிறது இந்த இடத்தில்தான். நீங்கள் கப்பில் கொடுக்கிற நேரத்தில் தாயும் பீய்ச்சவேண்டும். தொடர்ந்து பீய்ச்சாமல் விட்டால் பால் கட்டும், மார்பில் ஒரு பக்கம் சிவந்து கல்லுப்போலாகும், காய்ச்சலும் வரும். அப்போது பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. 24 மணித்தியாலத்தில் குறையாவிட்டால் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகவேண்டும்.

வெயிலுக்குப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள். 6 மாதத்துக்கு ஒரு கரண்டியும் வேண்டாம். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். தேனும் ஒரு வயது வரைக்கும் கூடாது. மாமியாரிடம் மருமகன் இதை எதிர்த்துச் சொல்வது எங்கள் ஊரில் லேசில்லை, அதனால் மருத்துவமாதுவை வீட்டுக்கு வரச்சொல்லி அவரின் வாயால் சொல்ல வைப்பதே நல்ல வழி.

கணவர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற வீடுகளில் இந்த வேலைகள் உம்மாவுக்கோ தங்கச்சிக்கோ போகும், முறை அதேதான்.

அரச உத்தியோகத்தில் தகப்பனுக்கு 3 நாள் லீவு, தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள். அவ வேலைக்குத் திரும்ப 2 கிழமை முன்னால் கப்பைப் பழக்குங்கள். தாய் அறையில் இருந்தால் அவவின் மணம் பட்டுப் பிள்ளை கப்பைத் தொடாது. அந்த அரை மணித்தியாலத்துக்கு அவவைக் கிணற்றடிக்கு அனுப்புங்கள், ஆறுதலாகத் தலை முழுகிவிட்டு வந்து பீய்ச்சட்டும்.